சுட்ட பழமும் காலேஜ் பசங்களும்

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன கிருத்திகை அன்னைக்கு ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். கோயில் வரிசையில நின்னுட்டிருந்திருக்கான், கழுத்துல காலேஜ் ஐ.டி. கார்டு. பின்னாடி நின்ன பெரியவர் ஒருத்தர், "இதுங்க எல்லாம் சாமி கும்பிடவா வருதுங்க? ஸ்டேட்டஸ் போட வருதுங்க"ன்னு காதுபடவே சொல்லிட்டாராம். "மனசு கஷ்டமா போச்சுண்ணா, என்ன பதில் சொல்றது?"ன்னு கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது எங்கெங்கேயோ போய், கடைசியில என் பழைய தப்பு ஒண்ணுல வந்து நின்னுடுச்சு. அதையும் சேர்த்தே எழுதுறேன்.

ஔவைப் பாட்டி கதை எல்லாருக்கும் தெரியும். வெயில்ல நடந்து களைச்சு வர்றா. நாவல் மரத்து மேல மாடு மேய்க்கிற பையன் ஒருத்தன். பழம் கேட்கிறா. சுட்ட பழமா, சுடாத பழமான்னு அவன் கேட்கிறான். பழத்துல ஏதுடா சுட்டது, சுடாததுன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே, சுட்டதே போடுன்னு சொல்றா. விழுந்த பழத்துல மண்ணு ஒட்டியிருக்கு. எடுத்து ஊதுறா. என்ன பாட்டி, பழம் ரொம்பச் சுடுதான்னு மேலே இருந்து குரல் வருது.

இதைச் சொல்ற எல்லாரும் கடைசியில அந்தப் பையன் முருகன்கிற இடத்துக்கு ஓடிடுறாங்க. நான் நடுவுல கொஞ்சம் நிக்கிறேன். ஔவை கெட்டவளா? இல்லவே இல்லை. கர்வம்னும் சொல்ல மாட்டேன். ஊர் ஊரா நடந்தவ, அவ பார்க்காத மாட்டுக்காரப் பையனா? நூறு பேரைப் பார்த்திருப்பா. நூத்தியோராவது ஆளையும் அந்தக் கணக்குலயே சேர்த்துட்டா, அவ்வளவுதான். தெரியாதவங்க செய்யுற தப்பு இல்லை இது, நிறையப் பார்த்தவங்க செய்யுற தப்பு. ஆனாலும் அவ பையன்கிட்ட வாயைத் திறந்து பேசினா. அதனால அவளுக்குப் பழம் கிடைச்சுது. கைலாயத்துல பிரம்மா குழந்தைதானேன்னு திரும்பிக்கூடப் பார்க்காம போனாரு. அவருக்குக் கிடைச்சது குட்டும் சிறையும்.

சரி, காலேஜுக்கு வருவோம். காலேஜ் பசங்கன்னா ஊர்ல என்ன சொல்றாங்க? படிக்கட்டுல தொங்குவான், ரூட்டு தலன்னு சண்டை போடுவான், கட் அடிச்சுட்டு தியேட்டருக்குப் போவான், அரியர் வைப்பான். பொண்ணுன்னா போனும் கையுமா திரிவா. இதெல்லாம் பொய்யான்னு கேட்டா, பொய்யில்லை. நான் படிச்சப்பவே எல்லாம் கண்ணால பார்த்திருக்கேன். சிலதுல நானும் இருந்திருக்கேன்.

ஆனா ஒரு கணக்கு பாருங்க. மத்திய அரசோட உயர்கல்வி கணக்கெடுப்பு, 2021-22. பதினெட்டுல இருந்து இருபத்துமூணு வயசுக்குள்ள இருக்கிறவங்களை வச்சுப் போடுற உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டுல 47. நாட்டுச் சராசரி 28.4. கிட்டத்தட்ட பாதி ஊரே காலேஜ்ல இருக்குன்னா, அங்கே ஒரே மாதிரி ஆளு எப்படி இருப்பான்? எங்க கிளாஸ்ல வீட்டுலயே முதல் பட்டதாரி ஆகப்போறவங்கதான் அதிகம். ஆவணி, தை முகூர்த்த நாள்ல பாதி பெஞ்ச் காலியா இருக்கும். பசங்க ஜாலியா கல்யாணத்துக்குப் போயிட்டானுங்கன்னு சார் திட்டுவாரு. கல்யாணத்துக்குத்தான் போயிருப்பானுங்க. கேட்டரிங் ஆளா, பந்தியில சாம்பார் வாளி தூக்க. ராத்திரி பதினொரு மணிக்குக் கூலி வாங்கிட்டு, மிச்சம் இருக்கிற கேசரியை ஹாஸ்டலுக்குக் கட்டிட்டு வருவானுங்க. நாங்க முழிச்சிருந்து சாப்பிடுவோம்.

இப்ப என் தப்பு. நான் மூணாம் வருஷம் படிச்சது திண்டுக்கல் பக்கம் ஒரு காலேஜ். நாங்க ஒரு ஏழெட்டு பேர், நெத்தி நிறைய விபூதி, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை, எங்களை எல்லாரும் நல்ல பசங்கன்னு சொல்லுவாங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு தினமும் கடைசி பீரியடுக்கு முன்னாடி பையை எடுத்துட்டுக் கிளம்பிடும். அரை நாள் அட்டெண்டன்ஸ் போனாலும் கவலைப்படாது. ஒருநாள் மரத்தடியில உட்கார்ந்து பேசிட்டிருந்தப்போ, யாரோ "எங்கடா போகுது இது?"ன்னு கேட்டான். நான் சும்மா இருக்காம, "வெளியில பைக் வெயிட்டிங்ல இருக்கும்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் நான் மறந்துட்டேன்.

அந்த வார்த்தை மறக்கலை. யாரோ ஒருத்தனோட சொந்தக்காரன் மூலமா அது அந்தப் பொண்ணோட ஊர் டீக்கடைக்குப் போயிடுச்சு. அங்க இருந்து அப்பா காதுக்கு. மூணு வாரம் பொண்ணு வரலை. மாப்பிள்ளை பார்க்கிறாங்கன்னு சேதி வந்தப்புறம்தான், எங்க மேடம் விசாரிச்சாங்க. விஷயம் இதுதான்: அவங்க ஊருக்குப் போற இலவச டவுன் பஸ் சாயங்காலம் 3.20க்கு. அதை விட்டா அடுத்தது 6.30. இறங்குற இடத்துல இருந்து வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், லைட்டு கிடையாது. பைக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை.

மேடம்கூட நானும் அவங்க வீட்டுக்குப் போனேன். திண்ணையில உட்கார வச்சு மோர் கொடுத்தாங்க. "நான்தான் அய்யா அப்படிச் சொன்னேன், ஒண்ணும் தெரியாம சொல்லிட்டேன்"னு அவங்க அப்பாகிட்ட சொன்னேன். அவர் அடிப்பாருன்னுதான் நினைச்சேன். என் நெத்தியையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. "தம்பி, நீங்க பழனிக்கு மாலை போடுற புள்ளையா?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு வாயே வரலை. அந்தக் கேள்வி இப்பவும் சஷ்டி விரதம் இருக்கிறப்போ வந்து நிக்குது.

பொண்ணு திரும்ப வந்துச்சு. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போயிருந்ததால கண்டோனேஷன் ஃபீஸ் கட்டித்தான் பரீட்சை எழுதுச்சு. டிகிரி வாங்கிடுச்சு. என்கிட்ட அப்புறம் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசணும்னு நான் எதிர்பார்க்கவும் கூடாது.

"சரிண்ணா, உண்மையிலேயே தப்பு வழியில போறவன் இருக்கானே, அவனை என்ன சொல்றது?"ன்னு கேட்பீங்க. திருவண்ணாமலையை நினைச்சுக்கோங்க. அருணகிரிநாதரோட வாலிபத்தைப் பத்தி வழிவழியா சொல்ற கதையில ஊர் பேசினது எதுவும் பொய் இல்லை. அவர் அப்படித்தான் இருந்தார். மனசு உடைஞ்சு வல்லாள கோபுரத்து மேல இருந்து விழுந்தவரைக் கையில ஏந்தினவன், இவன் எப்படிப்பட்டவன்னு முதல்ல விசாரிக்கலை. அந்தக் கோபுரத்துப் பக்கத்துலயே சன்னதி இருக்கு. அங்கே சாமி பேரு கோபுரத்து இளையனார். இளையனார்! அண்ணாமலை போனா அவசரமா உள்ளே ஓடிடாம, அங்கே ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

இப்ப வாய்ஸ் மெசேஜ் தம்பிக்கு. நீ அதைப் போட்டதும் குரூப்ல "பூமர் அங்கிள்"னு ஒருத்தன் எழுதினான். கீழே வரிசையா சிரிப்பு எமோஜி. அதுல உன்னோடதும் ஒண்ணு இருந்துச்சு, பார்த்தேன். வள்ளிமலைத் தினைப்புனத்துக்குக் கிழவனா வந்து, பசிக்குதுன்னு தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டு, விக்கல் எடுக்குது தண்ணி கொடுன்னு கேட்டது யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? அடுத்த கிருத்திகைக்கு அந்தப் பெரியவர் வரிசையில நின்னா உன் தண்ணி பாட்டிலை நீட்டு. எந்த ஊரு, எத்தனை மணி நேரமா நிக்கிறாருன்னு கேளு. அவரும் உன்கிட்ட என்ன படிக்கிறேன்னு கேட்பாரு. தேனும் தினைமாவும் இல்லாட்டி பரவாயில்லை.

கந்தனுக்கு அரோகரா!