வராத தண்ணியின் கணக்கு

கொல்லிமலை அடிவாரத்தில், எங்கள் சேந்தமங்கலம் பக்கம், போர் போட்டுத் தண்ணி வரவில்லையென்றால் அதை மறைக்க முடியாது. போர்வண்டி ராத்திரி முழுக்கக் கத்தும். விடிந்தால் காடெல்லாம் வெள்ளைக் கல்தூள். போட்டவருக்கு அது கடன், அவமானம். பக்கத்துக் காட்டுக்காரருக்கோ அது தகவல்.

மருத்துவ ஆராய்ச்சியில் இப்படிப் புழுதி பறப்பதில்லை. மருந்து வேலை செய்யவில்லையென்றால் கட்டுரையை எழுதாமல் விட்டால் போதும். யாரும் பொய் சொல்லவேண்டியதில்லை. ஆய்வாளருக்கு அடுத்த வேலை வந்துவிடும்; ஆய்விதழுக்குப் புதுசாக ஏதாவது வேண்டும். குற்றவாளியே இல்லாத குற்றம் மாதிரி இருக்கும்.

ஆனால் ஆள் செத்திருக்கிறார்கள். 1980இல் பிரிட்டனில், மாரடைப்பு வந்த 95 பேரிடம் லார்கெய்னைடு என்ற மருந்தைச் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். போலி மருந்து எடுத்தவர்களில் ஒருவர். தற்செயல் என்று நினைத்தார்கள். வணிகக் காரணங்களால் மருந்தும் கைவிடப்பட்டது. முடிவு வெளியே வரவில்லை. அதே வகை மருந்துகள் உயிரிழப்பைக் கூட்டுகின்றன என்று 1989இல் அமெரிக்காவின் பெரிய சோதனை ஒன்று காட்டியது. அதற்குள் அவை எத்தனையோ பேருக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. 1993இல்தான் பிரிட்டன் ஆய்வாளர்கள் தங்கள் பழைய கணக்கை அச்சிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை நம் ஊரிலேயே உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி காசநோய்த் தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். ஒரு பகுதியினருக்குப் போனது வெறும் போலி ஊசி. ஏழரை வருடக் கணக்கு சொன்னது: நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை. நாடு முழுக்க அரசே போட்டுக்கொண்டிருந்த ஊசி அது. "மக்களுக்கு நம்பிக்கை போய்விடும்" என்று சொல்லி அமுக்கியிருக்கலாம். அமுக்கவில்லை. 1979-80இல் வெளியிட்டார்கள், 15 வருடக் கணக்கையும் 1999இல் வெளியிட்டார்கள். பிசிஜி ஒழிந்துபோகவில்லை. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம். அந்த ஊசியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தெளிவானது, அவ்வளவுதான்.

"அரைகுறைச் சோதனைகளையெல்லாம் வெளியிட்டால் குப்பைதானே சேரும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எது குப்பை என்று முடிவு செய்பவர், முடிவு பிடிக்காதவராகவே இருந்தால்? அதற்காகத்தான் இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல், மருந்துச் சோதனைகளை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவேட்டில் பதியவேண்டும் என்றானது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குப் புரியும்: இது டிக்கெட்டைத் திறப்பது மட்டும்தான். பதில் எழுதாமல் கிடக்கும் டிக்கெட்டால் யாருக்கு என்ன லாபம்?

சோதனைக்கு ஒத்துக்கொள்பவருக்குக் குணமாகும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அவர் தன் உடம்பைக் கொடுப்பது ஒரு கேள்விக்கு. பதில் எதுவானாலும் அதை வாங்கிய கடன் ஆய்வாளருடையது. "இல்லை" என்ற பதிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர், அந்த உடம்பை எடுத்துக்கொண்டு விலை கொடுக்காமல் போகிறார்.