யாருக்கு ஓய்வு?

கோடை விடுமுறை தொடங்கியதும் திருச்சி இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது: இவ்வாண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? முன்னெல்லாம் இதற்கு விடை அருகிலேயே இருந்தது. முக்கொம்பு, கல்லணை, மலைக்கோட்டை, சற்றுத் தொலைவானால் வேளாங்கண்ணி. அன்னையின் ஆலயத்தில் செபித்துவிட்டுக் கடலில் கால் நனைத்துத் திரும்புவதே நம் குடும்பங்களுக்குத் திருப்பயணமாகவும் உல்லாசப் பயணமாகவும் அமைந்தது.

இன்று பிள்ளைகள் வேறொரு பெயரைச் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டு கொச்சியில் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கி, 2005இல் பெங்களூரிலும் 2016இல் ஐதராபாத்திலும் கிளைத்த வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா, 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரிலும் திறக்கப்பட்டது. திருச்சியிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரு நாள் மகிழ்ச்சிக்காக இரண்டு இரவுகள் வண்டியில் கழிய வேண்டும்.

இத்தகைய கேளிக்கை நமக்குத் தகுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்குப் புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே விடை தந்திருக்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல உழைத்த உள்ளத்துக்கும் ஓய்வு வேண்டும். விளையாட்டு அந்த ஓய்வைத் தருகிறது. ஆகவே அளவறிந்து விளையாடுவதும் ஓர் அறப்பண்பே என்பது அவர் கருத்து. தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பவனை அவர் குறைகூறவும் தயங்கவில்லை. ஆனால் அவர் மூன்று எச்சரிக்கைகளையும் விடுக்கிறார். விளையாட்டில் இழிவு கலக்கலாகாது. மனத்தின் சமநிலை குலையலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். ஆகவே, போகலாமா கூடாதா என்பதன்று நம் வினா. அந்த நாளை யாரை அளவாகக் கொண்டு திட்டமிடுகிறோம் என்பதே வினா.

பெரும்பாலும் நாம் பணத்தையே அளவாகக் கொள்கிறோம். 'ஆளுக்கு இவ்வளவு கொடுத்தோமே, எல்லாவற்றிலும் ஏறாமல் வருவதா?' என்ற எண்ணம் தலைதூக்குகிறது. எந்த வரிசை குறுகியது, எதில் முதலில் ஏறலாம், நேரம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே பொழுது சாய்கிறது. வாரமெல்லாம் அலுவலகத்தில் நம்மை விரட்டிய கடிகாரத்தை நாமே காசு கொடுத்துப் பூங்காவுக்குள்ளும் அழைத்துச் செல்கிறோம். ஓய்வு தேடிச் சென்றவர் களைத்துத் திரும்புவதில் வியப்பென்ன?

இரண்டாவது அளவு, உடல் வலிமை. விரைந்து சுழலும் இராட்டினங்களின் வாயிலில் ஓர் உயரக்கோடு வரையப்பட்டிருக்கும். பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது. அதைக் குறைகூற இடமில்லை. ஆயினும் அக்கோட்டருகே குடும்பம் பிரிகிறது. வளர்ந்த பிள்ளைகளும் தந்தையும் உள்ளே செல்ல, சிறு குழந்தையும் பாட்டியும் வெளியே நிற்கிறார்கள். அவர்களோடு கைப்பைகளையும் ஈரத்துணிகளையும் காத்துக்கொண்டு தாயும் நிற்கிறாள். பொருள் வைக்கும் பெட்டகம் வாடகைக்குக் கிடைத்தாலும், 'அம்மாதான் இருக்கிறாளே' என்று அச்செலவையும் நாம் மிச்சப்படுத்திக்கொள்கிறோம்.

ஓய்வுநாளைப் பற்றிய இறைக்கட்டளையை இங்கு நினைவுகூர்தல் தகும். ஓய்வு யார் யாருக்கு உரியது என்று விடுதலைப் பயண நூலும் இணைச்சட்ட நூலும் பெயர் சொல்லியே பட்டியலிடுகின்றன. மகன், மகள், பணியாளன், பணிப்பெண், கால்நடை, வாயிலுக்குள் இருக்கும் அந்நியன் என அப்பட்டியல் நீள்கிறது. அதில் மனைவி மட்டும் தனியே குறிக்கப்படவில்லை. 'நீ' என்று கடவுள் விளிக்கும் சொல்லிலேயே அவளும் அடங்குகிறாள் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். நல்ல விளக்கம்தான். ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? 'நீ' என்ற சொல்லைக் கணவன் தனக்கென எடுத்துக்கொள்கிறான்; பட்டியலில் எஞ்சிய இடங்களைப் பிள்ளைகள் நிரப்பிக்கொள்கிறார்கள்; அவள் இரண்டிலும் சேராமல் வெளியே நிற்கிறாள்.

இக்குறையைப் பூங்காவின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. ஆடிப்பெருக்கன்று திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையைப் பாருங்கள். அங்கு நுழைவுச்சீட்டும் இல்லை, உயரக்கோடும் இல்லை. முதியவரும் குழந்தையும் ஒரே படியில் அமர்ந்து காவிரியை நோக்குகிறார்கள். அந்த ஒருமை அழகானதே. ஆனால் அங்கு விரிக்கப்படும் எலுமிச்சைச் சாதத்துக்கும் தயிர்ச்சோற்றுக்கும் பின்னால், விடியுமுன் எழுந்து அடுப்பருகே நின்ற ஒரு பெண் இருக்கிறாள். வெளி உணவை அனுமதிக்காத பூங்கா அந்தச் சமையலிலிருந்தாவது அவளுக்கு விடுதலை தருகிறது. பழையது எல்லாம் புனிதமும் அன்று. புதியது எல்லாம் பாவமும் அன்று. இரண்டிலும் நாம் கேட்க மறப்பது ஒரே கேள்வியைத்தான்.

நாசரேத்துத் திருக்குடும்பமும் ஆண்டுதோறும் பயணம் சென்ற குடும்பமே. பாஸ்கா விழா முடிந்து திரும்புகையில், பன்னிரண்டு வயது இயேசு உறவினர் கூட்டத்தில் இருப்பார் என எண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். அவர் இல்லை என்று அறிந்ததும் அவர்கள் பயணத்தைத் தொடரவில்லை. எருசலேமுக்கே திரும்பித் தேடிச் சென்றார்கள். நம் மகிழ்ச்சியின் நடுவிலும் 'நம்மோடு இல்லாதவர் யார்?' என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? காணாமற்போனவர் கூட்டத்தைவிட்டு அகன்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அருகிலேயே பையைச் சுமந்து நிற்பவராகவும் இருக்கலாம்.

ஆகவே, பயண நாளைக் குறிக்குமுன் ஒரு மாலை குடும்பசெபம் முடிந்ததும் அனைவரும் அமர்ந்து பேசட்டும். முதற்கேள்வி பிள்ளைகளிடம் அன்று. வீட்டில் மிகுதியாக உழைப்பவரிடமும் மிகவும் தளர்ந்தவரிடமும் கேட்கப்படட்டும்: 'உங்களுக்கு எது ஓய்வு?' நெடும்பயணம் தாங்காது என்று பாட்டி சொன்னால், அவ்வாண்டு முக்கொம்பின் மரநிழலே போதுமானதாகலாம். அல்லது பூங்காவுக்கே செல்வதாயின், வளர்ந்த பிள்ளைகள் முறைவைத்துப் பையைக் காக்கட்டும். தாயும் ஒருமுறை அலைநீரில் இறங்கிச் சிரிக்கட்டும். நான்கு இராட்டினங்கள் குறைந்தால் குறையட்டும். விடுமுறை நாளிலும் நமக்காக வெயிலில் நின்று இயந்திரம் இயக்கும் பணியாளரிடம் ஒரு நன்றிச் சொல் சொல்லப் பிள்ளைகள் பழகட்டும்; வாயிலுக்குள் இருக்கும் அந்நியனையும் கட்டளை மறக்கவில்லை அல்லவா?

ஓய்வு என்பது ஒருவருடைய களைப்பை மற்றொருவர் தோளுக்கு மாற்றுவதன்று. வீட்டில் எல்லாரும் இளைப்பாறிய நாளே ஆண்டவர் ஆசி வழங்கிய ஓய்வுநாளுக்கு உறவான நாள்.