வில்லைத் தேர்ந்தெடுக்குமுன்...

 



சென்ற வெள்ளியன்று அஸர் தொழுதுவிட்டுச் சந்தவாசலில் பள்ளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். பட்டுத் தறி நெய்யும் வாலிபர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து உட்கார்ந்தார். ஐவேளைத் தொழுகையாளி. கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். துப்பாக்கியைப் போல் கட்டையும் விசையும். முனையில் ஒரு வில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்தது. குறுக்கு வில் என்பார்கள்.

"அண்ணன் கனடாவில் ஒண்டாரியோவில் இருக்கிறார், ஹஜ்ரத். அங்கே மான் வேட்டைக்கு அனுமதி உண்டாம். முதல் தடவையாக வில் வாங்கப் போகிறார். எப்படிப்பட்டது வாங்கலாம், அதில் விழும் மான் ஹலாலா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்."

சற்றுத் தயங்கிவிட்டு, "எனக்கும் ஒன்று வாங்க ஆசை. கோடையில் ஜவ்வாது மலையிலிருந்து மான்கள் தண்ணீருக்கு இறங்குகின்றனவே. பிஸ்மி சொல்லி எய்தால் போதும்தானே?" என்றார்.

ஆயுதம் ஒன்று, கேட்பவர்கள் இருவர், இருக்கும் நாடுகள் இரண்டு. இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல இயலாது. அன்று அவரிடம் கூறியதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

வேட்டை ஆகுமானதா?

ஆகுமானதே. மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா வேட்டைப் பிராணியை நமக்கு ஹலாலாக்கியிருக்கின்றான். இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையை விலக்கியிருக்கின்றான். ஹம்ஸா (ரலி) அவர்கள் வேட்டையிலிருந்து வில்லும் கையுமாகத் திரும்பிய நாளில்தான் அபூஜஹ்லின் தலையில் அந்த வில்லாலேயே அடித்து, தமது இஸ்லாத்தைப் பகிரங்கப்படுத்தினார்கள். அம்பெய்யப் பழகுவதை நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியுமிருக்கிறார்கள். ஆனால் வேட்டையின் பின்னாலேயே அலைபவன் மறதியில் வீழ்வான் என்று எச்சரித்ததும் அவர்களே. உயிருள்ள ஒன்றைக் குறிப்பலகையாக நிறுத்தி எய்வதைச் சபித்ததும் அவர்களே.

எனவே வேட்டை முபாஹ். பர்ளும் அல்ல, வாஜிபும் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அண்ணனுக்கு

அவர் முதலில் கடைக்குப் போகக் கூடாது. அந்நாட்டு விதியைப் படிக்க வேண்டும். ஒண்டாரியோவில் வேட்டைப் பயிற்சியில் தேறி, அதற்குரிய அட்டையும் மானுக்கான அனுமதியும் பெற்று, பருவம் பார்த்துத்தான் போக முடியும். எல்லா நாடும் அப்படியல்ல. இங்கிலாந்தில் மானை அம்பால் வேட்டையாடுவதையே 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் தடுக்கிறது.

அடுத்து வில். அண்ணனுக்கு வேகத்தின் மீது ஆசை. வினாடிக்கு 400 அடி பாயும் வில் வேண்டுமாம். சகோதரர்களே, ஒலி வினாடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. எத்தனை வேகமான வில்லானாலும் நாணின் ஓசை அம்புக்கு முன்னே மானின் காதுக்குப் போய்விடும். மான் துள்ளிவிட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். ஆகவே வேகத்தை நம்பித் தூரத்திலிருந்து எய்யக் கூடாது. முப்பது, நாற்பது கஜத்துக்குள், தன் குறி தவறவே தவறாது என்று பழகி அறிந்த தூரத்தில் மட்டுமே எய்ய வேண்டும்.

தன் பலத்துக்கு உட்பட்டு, கருவியின் துணையோடாவது நாணைச் சீராக இழுத்து மாட்டக்கூடிய வில்லாக இருக்கட்டும். தூக்கிப் பிடித்தால் கை நடுங்காத எடையாக இருக்கட்டும். பாதுகாப்புப் பூட்டு இருக்கட்டும். அம்பு வைக்காமல் வெறும் நாணை விசைத்து விடலாகாது. வில் சிதறி முகத்தில் அடிக்கும். நாண் ஓடும் பாதையில் கட்டைவிரலை வைத்தால் விரல் போய்விடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அம்பின் முனை. தைய் கோத்திரத்து அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைக் கோலைப் பற்றிக் கேட்டபோது, கூர்முனை பட்டுக் கிழித்தால் உண்ணலாம் என்றும், கோல் குறுக்காகப் பட்டு அடியால் செத்தால் உண்ணலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். பின்னது அடிபட்டுச் செத்ததாகிவிடும். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்போ வெட்டி இரத்தத்தை வடித்தே கொல்கிறது. ஆகவே அகன்ற, சவரக்கத்தி போன்ற கூரான அலகு தேவை. அறுக்கும்போது கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது. அம்புக்கும் அதுவே பொருந்தும்.

எய்யும் நேரத்தில் பிஸ்மி சொல்ல வேண்டும். ஹனபி மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் ஹராம், மறந்துவிட்டால் குற்றமில்லை. ஷாபிஈ மத்ஹபில் அது சுன்னத். விழுந்த மானை உயிரோடு அடைந்தால் உடனே அறுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாது. காயத்தோடு ஓடிய மானைத் தேடாமல் வீடு திரும்புவது முஸ்லிமுக்கு அழகல்ல.

தம்பிக்கு

இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்று வேட்டையாட எஞ்சியிருந்த வழியும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டது. புள்ளிமானை எய்வது மட்டுமல்ல, எய்ய முயல்வதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்; சில விலங்குகளுக்கும் சரணாலயங்களுக்கும் தண்டனை இன்னும் கடுமை.

"மார்க்கம் ஹலாலாக்கியதைச் சட்டம் எப்படித் தடுக்கலாம்?" என்று அந்த வாலிபர் கேட்டார். முபாஹ் என்று முன்னே சொன்னேனே, அதை இங்கே கவனியுங்கள். சட்டம் நம்மை ஒரு பர்ளை விடச் சொல்லவில்லை. பாவம் ஒன்றைச் செய்யவும் சொல்லவில்லை. விட்டால் குற்றமில்லாத ஒன்றைப் பொதுநலனுக்காக விடச் சொல்கிறது. அதற்குக் கட்டுப்படுவது நம் கடமை. மேலும், சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் உடைமை என்று அதே சட்டம் கூறுகிறது. திருடிய ஆட்டைப் பிஸ்மி சொல்லி அறுத்தால் அது செத்த பிணமாகாது. ஆனால் பிறர் உடைமை நம் வயிற்றுக்கு ஹலாலாகிவிடுமா?

நானும் தவறியவன்தான். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாளில், விடுமுறையில் ஒரு வீட்டில் மான் கறி பரிமாறினார்கள். "பிஸ்மி சொன்னீர்களா?" என்று கேட்டேன். "சொன்னோம்" என்றார்கள். உண்டேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. ஓதிய எனக்கே அது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. தறிக்காரருக்குத் தெரியும்: பாவில் இழை அறுந்து கிடக்க, ஊடையை மட்டும் ஓட்டினால் சேலை ஆகாது. பிஸ்மி ஊடை; ஆகுமான வழி பாவு.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபியாவில் ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது, வேட்டைப் பிராணிகள் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வந்து நின்றதாக முபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். மறைவிலும் தன்னை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுத்தவே அச்சோதனை என்று அல்லாஹுத்தஆலா மாயிதாவில் அறிவிக்கின்றான். அவர்கள் தொடவில்லை. நம் கொல்லை ஓரம் இறங்கும் மானும் அப்படித்தான். வனக்காவலர் பார்க்கவில்லை, ஊரார் பார்க்கவில்லை. பார்ப்பவன் ஒருவன் இருக்கின்றான்.

வாலிபர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் ஆசையை என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றார்.

"அம்பு பழக வேண்டுமானால் முறையாகக் கற்றுத் தருபவரிடம் போய், குறிப்பலகையில் எய்து பழகுங்கள், தம்பி. அதில் தடையில்லை. மான் உங்கள் கொல்லைக்கு வருவது தாகத்தால். தாகித்த நாய்க்குத் தண்ணீர் தந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. வாங்க நினைத்த வில்லின் காசில் ஒரு பங்கை, வனத்துறையினரைக் கேட்டு, கோடையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் செலவிடுங்கள். பசுமையான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் கூலி உண்டு" என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் உணவையும், அது வரும் வழியையும் ஹலாலாக்குவாயாக! யாரும் காணாத இடத்தில் உன்னை அஞ்சும் உள்ளத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.