வலவன் இல்லா ஊர்தியும் கீழே நிற்போரும்

புறநானூற்றின் 27ஆம் பாடல், சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. புலவர் பாடும் புகழுடையோர், செலுத்துவோன் ஒருவன் இல்லாமலே வானிற் செல்லும் ஊர்தியை அடைவர் என்பது அதில் வரும் செய்தி. இப்பாடலைக் கேட்கும் மாணவர் சிலர், பழந்தமிழர் அன்றே ஆளில்லா விமானத்தை அறிந்திருந்தனர் என்று பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதத்துக்குப் பாடலில் இடமில்லை. புலவர் பேசியது பொறியியலை அன்று. நல்வினை செய்தார் பெறும் பேற்றை. அவ்வூர்தி வழி தவறுவதில்லை. அதன் எரிபொருள் தீர்வதில்லை. கீழே நிற்பார் தலைமேல் அது விழுவதுமில்லை. மனிதன் கட்டும் எவ்வூர்திக்கும் அத்தகைய உறுதி கிடையாது. செலுத்துவோன் ஏறாத ஊர்தியை வானில் விடுவோர்க்குக் கீழே நிற்போர்பால் உள்ள கடமை யாது என்னும் வினா, சங்கப் புலவர்க்கு எழாதது. இந்நூற்றாண்டில் எழுந்தே தீரவேண்டியது.

சிங்கப்பூரில் இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. குடியரசு ஆகாயப் படை 2012ஆம் ஆண்டில் 'ஹெரான்' என்னும் ஆளில்லா வானூர்தியை முராய் முகாமில் படையிற் சேர்த்தது. அதன் சிறகுகள் முனைக்கு முனை ஏறத்தாழ 16 மீட்டர். புறப்படும்போது அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். 2019 ஜூன் மாதத்தில் சாங்கி விமான நிலையத்தின் அருகே பறந்து, ஓர் இரவில் மட்டும் 37 விமானங்களைத் தாமதிக்கச் செய்த சிறு கருவிகளோடு இதனை ஒன்றாக எண்ணுதல் கூடாது. அவை கையில் எடுத்துச் செல்லத் தக்கவை. இது ஒரு விமானம். 'ஆளில்லா' என்னும் சொல்லும் முழு உண்மையைச் சொல்வதன்று. ஆள் உண்டு, ஆனால் அவர் தரையில், திரைகளுக்கு முன்னே அமர்ந்திருக்கிறார். ஊர்திக்கும் அவருக்கும் இடையே உள்ளது அலைவரிசையால் ஆன ஓர் இழை மட்டுமே.

கடலுக்குப் போகும் கலம் கடலுக்குத் தகுதியுடையதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அவ்வழக்கமே வானுக்கும் வந்தது. 1944இல் உருவான சிகாகோ உடன்படிக்கை, நாடுகளுக்கிடையே பறக்கும் பொது விமானம் ஒவ்வொன்றும் பறக்கும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. செலுத்துவோன் இல்லாமல் பறக்கும் ஊர்தியைப் பற்றியும் அவ்வுடன்படிக்கையின் 8ஆம் விதி அன்றே பேசியது என்பது பலர் அறியாத செய்தி: பிற நாட்டின் மேல் அந்நாட்டின் இசைவின்றி அது பறத்தல் கூடாது, பொது விமானங்களுக்கு இடர் நேராவண்ணம் அது கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஆனால் இராணுவ விமானங்கள் அவ்வுடன்படிக்கையின் ஆட்சிக்குப் புறம்பானவை. அவற்றின் தகுதியை அந்தந்த நாட்டுப் படைத்துறையே ஆராய்ந்து கொள்கிறது. தன் தேர் நல்ல தேர்தானா என்று தேருடையவனே சான்று கூறும் நிலை இது. ஆளேறும் போர் விமானத்தில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. சான்று கூறும் படையின் சொந்த வீரனே அதில் ஏறி அமர்ந்தான். அவன் உயிர் அச்சான்றுக்குப் பிணையாக நின்றது. ஆளில்லா ஊர்தியில் அப்பிணை இல்லை.

பிணை நீங்கியதன் விளைவு எண்களில் தெரிந்தது. 2001ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கப் படைகளின் பெரிய ஆளில்லா வானூர்திகளில் 400க்கு மேற்பட்டவை பெரு விபத்துகளில் வீழ்ந்தன என்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் 2014இல் ஆவணங்களைக் கொண்டு வெளியிட்டது. வீடுகளின் மேலும், வயல்களிலும், ஓடுபாதைகளிலும், நீர்நிலைகளிலும் அவை விழுந்தன. அவ்விபத்துகளில் ஒருவரும் இறக்கவில்லை என்பதையும் அதே செய்தி கூறிற்று. இவ்விரண்டாம் செய்தியைப் பற்றிக் கொண்டு, பின் என்ன குறை என்று கேட்பார் உண்டு. பாலைவனத்திலும் மக்கள் குறைந்த மலைநாட்டிலும் விழுந்த பொருள் எவரையும் கொல்லாமல் விட்டது பொறியின் சிறப்பு அன்று, நிலத்தின் சிறப்பு. சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். 2024இல் மக்கள் தொகை 60 இலட்சத்தைத் தாண்டியது. சதுர கிலோமீட்டருக்கு எண்ணாயிரம் பேருக்கு மேல் என்றாகிறது. ஆப்கானிய மலைச்சரிவில் கிடைத்த புள்ளிவிவரத்தை அப்படியே தூக்கிவந்து தோ பாயோவின் அடுக்குமாடிகளின் மேல் வைத்தல் அளவை நூலார் ஒப்பாத செயல்.

தரையில் அமர்ந்தவர் எவ்வாறு தவறுகிறார் என்பதற்கு 2006 ஏப்ரல் 25ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நோகாலெஸ் நகரின் அருகே நடந்தது நல்ல பாடம். எல்லைக் காவல் துறையின் 'பிரிடேட்டர் பி' ஊர்தி ஒன்றை இயக்கிக் கொண்டிருந்தவரின் மேடை உறைந்து போயிற்று. அவர் பக்கத்து மேடைக்குக் கட்டுப்பாட்டை மாற்றினார். அப்பக்கத்து மேடையில் அதுவரை கேமராவை இயக்குவோர் அமர்ந்திருந்தார். ஒரே நெம்புகோல், ஒரு மேடையில் கேமராவின் கண்ணைத் திறந்து மூடுவது. மற்றொரு மேடையாக மாறும்போது எஞ்சினின் எரிபொருளை அடைப்பது! இரு மேடைகளின் நெம்புகோல்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்று பட்டியலைக் கொண்டு சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும். அது செய்யப்படவில்லை. எஞ்சின் அணைந்தது. ஊர்தி இறங்கத் தொடங்கியது. என்ன நேர்ந்தது என்று விளங்காத இயக்குநர், தொடர்பைத் துண்டித்தால் ஊர்தி தானே மேலேறிப் பாதுகாப்பாக வட்டமிடும் என எண்ணித் தொடர்பையும் துண்டித்தார். எஞ்சின் இல்லாத ஊர்தி எப்படி ஏறும்? குடியிருப்புக்கு அருகே அது விழுந்தது. எவருக்கும் காயமில்லை.

விமானத்தின் உள்ளே அமர்ந்தவன் எஞ்சின் அணைந்ததைத் திரையில் படிக்க வேண்டியதில்லை. ஒலி நின்றதைக் காது சொல்லும். இருக்கை தளர்ந்ததை உடல் சொல்லும். அவ்வறிவு அலைவரிசையில் ஏறி வருவதில்லை. ஆளேறும் விமானமே மேலானது என்பார்க்கு இதனினும் வலிய சான்று வேறில்லை.

ஆயினும் அவர்கள் கட்சியும் முற்றும் நிற்பதன்று. 1989 ஜூலை 4ஆம் நாள் போலந்து நாட்டின் கடற்கரையிலிருந்து புறப்பட்ட சோவியத் நாட்டு மிக்-23 விமானத்தின் எஞ்சின் தளர்ந்தது. விமானி குதித்துத் தப்பினார். ஆளிறங்கிய அவ்விமானத்தின் எஞ்சின் மீண்டும் உயிர்பெற்று, 900 கிலோமீட்டர் தானே பறந்து, பெல்ஜியத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து, உள்ளிருந்த இளைஞர் ஒருவரைக் கொன்றது. 1990 டிசம்பர் 6ஆம் நாள் இத்தாலியின் போலோஞா நகருக்கு அருகே, விமானி வெளியேறிய பயிற்சி விமானம் ஒன்று பள்ளியில் மோதி 12 மாணவர் மாண்டனர். விமானியின் உயிர் கீழே நிற்பார்க்குப் பிணை என்றோம். அப்பிணைக்கு ஒரு வெளியேற்ற இருக்கை இருக்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது. ஆளேறிய விமானம் எதுவும் ஒரு நொடியில் ஆளில்லா விமானமாக மாறக்கூடும்.

இதற்குத் தொலைநாடு செல்லவும் வேண்டியதில்லை. 2024 மே 8ஆம் நாள் தெங்கா விமானப்படைத் தளத்தில் எஃப்-16 விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டெழுந்தவுடன் கட்டுக்கடங்காமற் போயிற்று. விமானி வெளியேறி உயிர் பிழைத்தார். விமானம் தளத்திற்குள்ளேயே வீழ்ந்தது. பின்னர்த் தற்காப்பு அமைச்சு வெளியிட்ட காரணம் எண்ணி எண்ணிப் பார்க்கத் தக்கது. விமானத்தின் மூக்கு எவ்வளவு விரைவாக மேலும் கீழும் அசைகிறது என்பதை அளக்கும் சுழலுணரிகளில் முதன்மையானவை மூன்று, துணையானது ஒன்று. முதன்மை மூன்றில் இரண்டு ஒரே வகையான பொய்யைக் கூறின. கணினி பெரும்பான்மையை நம்பிற்று. மெய் கூறிய மூன்றாவதையும், துணையாக நின்ற நான்காவதையும் தள்ளிற்று. எஃப்-16 விமானத்தில் இவ்வாறு நேர்ந்தது இதுவே முதன்முறை என்று அதனைக் கட்டிய நிறுவனம் தெரிவித்தது. உள்ளே அமர்ந்திருந்தவர் பயிற்சி பெற்ற விமானி. எனினும் கணினி ஏற்றுக்கொண்ட பொய்யை அவரால் மறுக்க இயலவில்லை. அவ்வகையில், ஆளேறும் விமானத்துக்கும் ஆளில்லா விமானத்துக்கும் உள்ள வேறுபாடு மக்கள் நினைப்பதினும் சிறிது. இரண்டும் கணினியின் கையிலேயே பறக்கின்றன.

அவ்வாறாயின் ஆளில்லா ஊர்தியின்மேல் கூடுதல் ஐயம் கொள்வது ஏன்? இங்கேதான் பொறியியல் முடிந்து அறவியல் தொடங்குகிறது. ஆளில்லா ஊர்தி ஓர் உயிரைக் காக்கிறது என்பது பொய்யன்று. தேசிய சேவை நாட்டின் ஒவ்வோர் இல்லத்தையும் தொடும் சிங்கப்பூரில், ஒரு தாயின் மகன் விமானத்தில் ஏறாமலே வேலை நடக்கும் என்பது சிறு நன்மையன்று. அதனை எள்ளி நகையாடுவார் அறம் பேசத் தகுதியற்றவர். ஆனால் விமானத்திலிருந்து நீக்கப்பட்ட இடர் மறைந்து விடுவதில்லை. அதில் ஒரு பகுதி தரைக்கு இறங்குகிறது. விமானி இடரை அறிந்து, உறுதிமொழி கூறி, ஊதியம் பெற்று ஏற்றவர். கீழே நிற்பவர் அத்தகைய எதனையும் செய்தவரல்லர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் இறங்கிச் சிராங்கூன் சாலையில் நடப்பவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர். ஊருக்குப் பணம் அனுப்பவும், நண்பரைக் காணவும், வாழையிலையில் ஒரு வேளை உண்ணவும் வந்தவர்கள். இந்நாட்டின் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. இந்நாட்டு வானில் எது பறக்கலாம் என்று அவர்களை எவரும் கேட்டதுமில்லை. படை விமானங்களின் பயிற்சிக்கெனக் குறித்த வான்பகுதிகள் உண்டு என்பதும், அவை மக்கள் நெருக்கத்தைக் கருதியே குறிக்கப்படுகின்றன என்பதும் உண்மையே. எனினும், இசைவு தராதவன் ஏற்கும் இடரை இசைந்தவன் ஏற்கும் இடரோடு ஒரே தராசில் நிறுத்தல் இயலாது. ஆகவே, 'உள்ளே ஆளில்லை, ஆதலால் சற்றுத் தரம் குறைந்தாலும் குற்றமில்லை' என்னும் வாதம் தலைகீழானது. உள்ளே ஆளில்லாதபோது ஊர்தியின் தரத்தைக் காக்கும் இயல்பான அச்சம் நீங்கிவிடுகிறது. அவ்விடத்தைச் சட்டமும் சோதனையும் கூடுதலாக நிரப்ப வேண்டும்.

ஜெர்மனி இதனைப் பெரும் பொருள் இழந்து கற்றது. 'யூரோ ஹாக்' என்னும் பெரிய ஆளில்லா வானூர்திக்கு 50 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்ட பின், ஐரோப்பிய வானில் பறப்பதற்கு உரிய தகுதிச் சான்று பெற மேலும் பெருந்தொகை செலவாகும் என்று கண்டு, 2013இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. நாடாளுமன்றத்தில் அமைச்சர் கண்டனத்துக்கு ஆளானார். பணம் போயிற்று என்று நகைத்தவர் பலர். தகுதி இல்லை என்று கண்டபின் பறக்க விடாமல் நிறுத்திய செயலைப் பாராட்டியவர் சிலரே.

மற்றொன்று தமிழ்நாட்டை ஒட்டி நடந்தது. 2024 செப்டம்பர் 18ஆம் நாள், அரக்கோணம் ஐ.என்.எஸ். இராஜாளி தளத்திலிருந்து கண்காணிப்புக்குப் பறந்த, இந்தியக் கடற்படை குத்தகைக்கு எடுத்திருந்த பெரிய ஆளில்லா வானூர்தியில் பறக்கும்போதே சீர்செய்ய இயலாத ஒரு கோளாறு நேர்ந்தது. இயக்கியவர்கள் அதனைக் கடலின் மேல் பாதுகாப்பான இடத்துக்குச் செலுத்தி, சென்னைக்கு அப்பால் நீரில் இறக்கினர். அவர்கள் உடலுக்கு அதில் எவ்வித இடரும் இல்லை. தரையில் நாற்காலியில் இருந்தனர். தன் உயிருக்கு அஞ்சியே மனிதன் பிறர்பால் கருத்தாய் இருப்பான் என்று கூறுவோர்க்கு இந்நிகழ்ச்சி விடையாகும். கடமையுணர்வும் அலைவரிசையின் வழியே சென்று சேரும். அதனைச் செலுத்தத் தொடர்பு அறாதிருக்க வேண்டும், ஊர்தியில் அதற்குக் கட்டுப்படும் வலிமை எஞ்சியிருக்க வேண்டும், அருகே கடல் இருக்க வேண்டும்.

தொடர்பு அறுந்தால்? திருத்தக்கதேவர் இதனைக் கருதினார் போலும். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை இயக்கவும் கற்பிக்கிறான். கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு விசயை வானிலேயே மயங்கி விழுகிறாள். பொறி தலைகீழாய்க் கவிழவில்லை. மெல்லத் தாழ்ந்து சுடுகாட்டில் கால் ஊன்றி நிற்கிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். இயக்குபவர் செயலிழந்தபோது ஊர்தி என் செய்ய வேண்டும் என்பதற்கு இக்காலப் பொறியாளர் எழுதும் ஆணைத்தொடரும் இதுவே: வட்டமிடு, திரும்பு, இயலாவிடில் உயிருள்ளோர் இல்லாத இடம் பார்த்து இறங்கு.

ஏமாங்கத நாட்டில் அதற்கொரு சுடுகாடு இருந்தது. முராய் முகாமுக்கு அண்மையில் சுவா சூ காங் கல்லறை நிலம் இருக்கிறது. பாய லேபார் தளத்தை இடம் மாற்றுவதற்காகத் தெங்கா தளத்தை விரிவாக்கும்பொருட்டு, அங்கிருந்து சீனர், முஸ்லிம்களின் கல்லறைகளில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தோண்டி எடுக்கப்போவதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. பாய லேபாரில் விடுபடும் நிலத்தில் வீடுகள் எழவிருக்கின்றன.