'நீங்க' யாருக்கு?

உப்சாலாவுக்குப் படிக்கப் போன முதல் வாரம் என் பேராசிரியரை 'சார்' என்றேன். அறுபதைத் தாண்டியவர். சிரித்துக்கொண்டே, பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு மாதம் அவரை எப்படியும் கூப்பிடாமலேயே சமாளித்தேன். எதிரில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன், அவ்வளவுதான்.

ஸ்வீடிஷில் எல்லோருக்கும் 'டு' தான். நம்ம 'நீ'. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 'நி' என்று இன்னொரு சொல்லும் உண்டு. ஆனால் அது கீழே இருப்பவர்களிடம் பேசுகிற சொல்லாகத் தேய்ந்துபோயிருந்தது. அதனால் எதிரில் இருப்பவரிடமே, "டாக்டர் காபி குடிக்கிறாரா?" என்று படர்க்கையில் கேட்பார்கள். 1967-இல் ப்ரோர் ரெக்ஸெட் என்பவர் அந்நாட்டு மருத்துவ வாரியத்தின் தலைவரானபோது, ஊழியர்கள் எல்லோரையும் 'டு' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றத்துக்கு அவர் அடையாளமாகிப்போனார்.

இதைப் படித்தபோது எனக்குள் ஓர் இளக்காரம். பெரியவங்களை மதிக்கத் தெரியாத ஊரு. நமக்கெல்லாம் அது ரத்தத்துலயே இருக்கு.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். தெருவைப் பெருக்க வரும் அம்மா வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் அறுபதுக்கு மேல். "என்ன, நல்லா இருக்கியா?" என்றேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "இருக்கேன் தம்பி, நீங்க எப்ப வந்தீங்க?" என்றார்.

பேராசிரியரிடம் தொண்டையில் சிக்கிய 'நீ', இங்கே வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அப்போ நான் கட்டிக்காத்தது பெரியவர்களுக்கான மரியாதையை அல்ல. யார் பெரியவர் என்று சாதியும் சம்பளமும் எழுதிக்கொடுத்த பட்டியலை.

வெளிநாட்டில் நம் பழக்கத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்தப் பழக்கம் ஊரில் யாரை வெளியே நிறுத்தியிருந்தது?

அதற்காகத் தமிழில் எல்லோரையும் 'நீ' என்றுவிட முடியாது. நம்முடைய 'நீ' அம்மாவுக்கும் கடவுளுக்கும் உரியது. முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் சண்டை வரும். அவர்கள் இறக்கிச் சமன் செய்தார்கள். நாம் ஏற்றித்தான் செய்ய வேண்டும்.

மறுநாள் 'நீங்க' சொல்ல முயன்றேன். வரவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று நழுவினேன். 'நீ'யும் இல்லை, 'நீங்க'ளும் இல்லை. அந்தக் காலத்து ஸ்வீடன்காரர்கள் மாதிரியே!

மூன்றாம் நாள்தான் வந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் யாரைக் கேட்கிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.