காட்சியும் கடப்பாடும்

எம்பிலிப்பிட்டியவைச் சூழ்ந்த வளவை கங்கைப் பள்ளத்தாக்கு நீரால் வாழ்வது. உடவளவை நீர்த்தேக்கத்தின் நீர் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வயல்களை நிறைக்கிறது. அவ்வயல்களில் வெறுங்காலுடன் இறங்கும் உழவரை அச்சுறுத்தும் நோய்களுள் எலிக்காய்ச்சலும் ஒன்று. லெப்டோஸ்பைரா எனும் பற்றீரியா எலி முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீருடன் வெளியேறிச் சேற்றிற் கலந்து, மனிதத் தோலின் கீறல்வழி உட்புகுகிறது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் உயிரிழந்தனர். இரத்தினபுரி மாவட்டத்தின் வயல்களும் மாணிக்கக்கற் குழிகளும் இதற்கு விலக்கல்ல.

இந்நோயை அறிய முற்பட்ட விஞ்ஞானம் சுண்டெலியின் உடலை நாடியது. பழைய முறையில், கிருமி எந்நாளில் எவ்வுறுப்பை அடைகிறது என அறிவதற்கு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகுதி எலிகளைக் கொன்று அறுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. 2014 இல் பரிசின் பாஸ்டர் நிறுவக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைக் காட்டிற்று. மின்மினிப் பூச்சியில் ஒளியை உண்டாக்கும் நொதியத்துக்குரிய மரபணுவை அவர்கள் கிருமியினுட் புகுத்தினர். ஒளிரும் கிருமி உயிருள்ள எலியினுள் செல்லும் வழியை நுண்ணுணர்வுக் கமரா பதிவுசெய்தது. இரத்தத்திற் பெருகிய கிருமி மறைந்ததுபோலத் தோன்றி, ஒரு வாரத்தின்பின் சிறுநீரகத்தில் மட்டும் மீண்டும் ஒளிர்ந்தது. தொடக்கத்திற் பயனளித்த நுண்ணுயிர்கொல்லிகள், சிறுநீரகத்திற் குடிகொண்டுவிட்ட கிருமியை அழிக்கவில்லை.

எனினும் ஒளிக்கு ஓர் எல்லையுண்டு. இழையங்களினூடே அது சிதறுவதால், புறப்பட்ட இடத்தின் ஆழத்தைத் துல்லியமாகக் கூறவியலாது. 1973 இல் லோட்டர்பர் அறிமுகஞ்செய்த காந்தப்பரிவுப் படமாக்கலோ, உடல்நீரிலுள்ள ஐதரசன் கருக்களைக் கொண்டு உறுப்புகளின் உள்ளமைப்பைத் தெளிவாக வரைகிறது. ஆயின் சிறுதொகைக் கிருமிகளை அதனால் உணரமுடியாது. ஒன்று நிகழ்வைக் காட்டும். மற்றது நிகழுமிடத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே விலங்கிற் பொருத்தி நோக்கும் முறை இன்று சிறுவிலங்கு ஆய்வில் இடம்பெற்றுள்ளது.

இம்முறைக்கு அறவியல் நோக்கிலும் பெருமை கூறப்படுகிறது. 1959 இல் ரசல், பேர்ச் ஆகிய இருவரும் விலங்காய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: மாற்றுவழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல். ஐந்து நாட்களின் நிலையை அறிய நாளுக்கு ஆறாக முப்பது எலிகள் மடியவேண்டிய இடத்தில், இப்போது ஆறு எலிகளே போதும் எனக் கொள்வோம். இருபத்துநான்கு உயிர்கள் எஞ்சுகின்றன. இது சிறிய நன்மையன்று.

ஆயின் கணக்கு இத்துடன் முடிவதில்லை. எஞ்சிய ஆறு எலிகளுள் ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் மயக்கமருந்துக்கு உட்படுகிறது. நோயோடு நெடுநாள் வாழ்கிறது. முப்பது உயிர்களிற் பரந்திருந்த சுமையின் ஒரு பகுதி ஆறின்மீது குவிகிறது. இருபத்துநான்கு எலிகள் தப்பியமை இந்த ஆறின் நோவைத் தணிப்பதில்லை. துன்பம் என்பது பண்டம்போலக் கூட்டிக் கழிக்கத்தக்கதன்று. அது எப்போதும் ஓர் உயிரின் துன்பமே. எனவே எண்ணிக்கையைக் குறைத்தல் என்ற நெறி, துன்பத்தைத் தணித்தல் என்ற நெறியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

மேலும், கமரா ஒளியைக் காண்கிறது. காந்தம் உறுப்பைக் காண்கிறது. வலியை இரண்டும் நேரே காண்பதில்லை. ஆயினும் இக்காட்சி ஆய்வாளரிடம் ஒரு கடப்பாட்டை ஒப்படைக்கிறது. உடலை அறுத்தாலன்றி உள்ளே நிகழ்வதை அறியமாட்டாதவர், அறியாமையைக் காரணங் காட்டலாம். நாள்தோறும் கிருமி பெருகுவதைத் திரையிற் காண்பவருக்கு அக்காரணம் இல்லை. கிருமி இரத்தத்திற் கட்டுக்கடங்காது பரவுவதைப் படம் உணர்த்தும்போது, புறத்தே வேதனை முற்றும்வரை காத்திராது ஆய்வை முடித்தல் அவர் கடன். பார்வை கூர்மையடையுந்தோறும் பொறுப்பும் கூர்மையடைகிறது. வள்ளுவர் அறிவின் பயனைப் பிறிதோர் உயிரின் நோயோடு பிணைத்துப் பேசுவது இன்னாசெய்யாமை அதிகாரத்திலே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இக்கடப்பாடு ஆய்வுகூட வாயிலோடு நிற்பதுமன்று. உழவரின் பெயரால் எலியின் உயிர் கொள்ளப்படுமாயின், பெற்ற அறிவு உழவரைச் சென்றடைதல் வேண்டும். இலங்கையில் ஆபத்துக்குள்ளாகும் உழவருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை சுகாதார அலுவலர்வழி வழங்கப்படுகிறது. காய்ச்சல் கண்டதும் சிகிச்சை நாடவேண்டும் என்பதும் அறிந்த செய்தியே. அறிந்தது வயல்வரம்பை எட்டாதிருக்க, அதனையே மீண்டும் நிறுவுதற்கு மேலும் விலங்குகளைப் பலியிடுவது நியாயமாகாது. அறியாததை அறிவதற்கே விலங்கின் துன்பம் ஓரளவு நியாயம் பெறும். அந்நியாயமும் அறிந்ததைப் பயன்படுத்தும்வரை முழுமையடைவதில்லை.

ஒளியும் காந்தமும் இணைந்து உயிருள்ள உடலைத் திறவாமலே திறந்து காட்டுகின்றன. கத்தியைக் கீழே வைத்த கை குற்றத்தினின்றும் நீங்கிவிட்டது என எண்ணுதல் தவறு. காண்பதற்குரிய உரிமையை எடுத்துக்கொண்டவர், கண்டதற்கு விடைகூறும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவராவார்.