கேமராவின் முன் பாவசங்கீர்த்தனம்

அமெரிக்கப் பாடகர் டெமி லோவாட்டோவின் புகழையும் போதைப் பழக்கத்தையும் மீட்சியையும் பற்றி 2012க்கும் 2021க்கும் இடையில் மூன்று ஆவணப்படங்கள் வெளிவந்தன. அவற்றுள் பின்னால் வந்த ஒவ்வொன்றும், முன்னால் வந்தது சொல்லிய முடிவைத் திருத்திக்கொண்டுதான் தன் கதையைத் தொடங்க முடிந்தது. சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் ஒரு கேள்வி இதனால் புது வடிவில் எழுகிறது: தம் வீழ்ச்சியைப் பலர் அறியச் சொல்பவர், அவ்வாறு சொல்வதாலேயே அதிலிருந்து மீள்கிறாரா?

2008இல் டிஸ்னி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'கேம்ப் ராக்' படத்தின் வழியாகப் பதினைந்து வயதிலேயே பெரும்புகழ் பெற்ற லோவாட்டோ, 2010இல் ஓர் இசைப் பயணத்தின் நடுவே விலகிச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். 2012இல் எம்.டி.வி. ஒளிபரப்பிய 'ஸ்டே ஸ்ட்ராங்' அவரை மீண்டெழுந்தவராக அறிமுகப்படுத்தியது. ஆனால் அந்தப் படத்துக்காகப் போதையற்ற வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாள்களிலேயே தாம் கொக்கேய்ன் பயன்படுத்தி வந்ததாக, 2017இல் யூடியூபில் வெளியான 'சிம்ப்ளி காம்ப்ளிகேட்டட்' படத்தில் அவரே கூறினார். அதைத் தொடர்ந்து 2018இல் இன்னொரு படத்துக்காகக் கேமராக்கள் அவருடைய இசைப் பயணத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது, ஆறாண்டுக் காலத் தெளிவு முறிந்துவிட்டதை 'சோபர்' என்ற பாடலில் அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பாடல் வெளிவந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று, அளவுக்கு மீறிய போதைப்பொருளால் அவர் உயிராபத்துக்கு உள்ளானார். மூன்று முறை பக்கவாதமும் ஒரு முறை மாரடைப்பும் ஏற்பட்டதையும், கண்பார்வையில் நிலையான குறை தங்கிவிட்டதையும், மைக்கேல் டி. ராட்னர் இயக்கி 2021இல் நான்கு பகுதிகளாக வெளிவந்த 'டான்சிங் வித் த டெவில்' தொடரில் அவர் விவரித்தார்.

இந்த வரிசையைப் பார்ப்பவர்கள் முதற்படத்தைப் பொய் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடும். அது எளிய தீர்ப்பு, நியாயமானதும் அன்று. ஏனெனில் மீட்சிக் கதையைச் சொல்ல முன்வரும் படம், படப்பிடிப்பு முடியும் நாளில் மீட்சியும் முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பின் முன் அமர்த்தப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண், தான் இன்னும் மீளவில்லை என்று சொல்வதற்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. போதைப் பழக்கமோ, விட்ட பிறகும் பல்லாண்டு கழித்து மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடிய நோய். மருத்துவர்கள் மறுவீழ்ச்சி என்று குறிப்பிடும் இந்தச் சறுக்கல், அந்த நோயின் போக்கிலேயே அடங்கியது.

பலர் முன் ஒப்புக்கொள்வதில் உள்ள இந்த இடர்ப்பாட்டைக் கிறிஸ்தவத் திருச்சபை தன் முதல் நூற்றாண்டுகளிலேயே சந்தித்தது. ஞானஸ்நானத்துக்குப் பின் பெரும்பாவம் செய்தவர், சபையார் அனைவரும் காணத் தவக்கோலம் பூண்டு, நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டு, பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டார். அந்தப் பொதுத் தவம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வழங்கப்பட்டது என்பதையும், மறுபடியும் விழுந்தவருக்கு அந்த வாயில் திறக்கப்படவில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். பலர் முன் நிகழும் மனமாற்றம் இறுதியானதாக இருந்தால்தான் கண்டவர்கள் நம்புவார்கள். இரண்டாம் முறை நிகழும்போது முதல் முறையும் ஐயத்துக்கு உள்ளாகிறது. அயர்லாந்துத் துறவிகள் வேறொரு வழக்கத்தைப் பரப்பினர்: பாவத்தை ஒருவரிடம் மட்டும் தனிமையில் சொல்வது, விழுந்த போதெல்லாம் திரும்பவும் சொல்வது. பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் போக்கை 589இல் தொலேடோவில் கூடிய ஆயர்கள் கண்டித்தனர்; ஆயினும் காலப்போக்கில் அதுவே நிலைபெற்றது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தபோது, கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையையும் சேர்த்தே விதித்தது. திரும்பத் திரும்ப விழும் இயல்புடைய மனிதருக்குத் திரும்பத் திரும்பத் திறக்கும் கதவு வேண்டும் என்பதையும், அந்தக் கதவு மூடிய அறைக்குள்தான் இருக்க முடியும் என்பதையும் திருச்சபை கற்றுக்கொள்ள இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

ஆனால் புனித அகுஸ்தினார் ஏறத்தாழ 397ஆம் ஆண்டு முதல் எழுதிய ஒப்புதல் நூல் எல்லாரும் படிக்க எழுதப்பட்டது அல்லவா என்ற எதிர்வாதம் வலுவானது. அந்நூலின் பத்தாம் பகுதியில், தம் அறிக்கையை மனிதர் ஏன் கேட்க வேண்டும் என்று அவரே வினவுகிறார். பிறர் வாழ்வை அறியத் துடிப்பவர்கள் தம் வாழ்வைத் திருத்தச் சோம்புகிறார்கள் என்று வருந்தவும் செய்கிறார். இதைவிட ஆழமானது அவர் அடுத்துச் செய்வது. 387இல் ஞானஸ்நானம் பெற்றுப் பத்தாண்டுகள் கடந்து ஆயராகிவிட்ட நிலையிலும், தாம் முன்பு என்னவாக இருந்தார் என்பதோடு நிறுத்தாமல், எழுதும் அந்நேரத்திலும் தம்மை இழுக்கும் ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். புகழ் விருப்பத்தைப் பேசும் இடத்தில், புகழை வெறுப்பதாகச் சொல்வதிலும் புகழ் தேடும் மனம் ஒளிந்திருக்கக்கூடும் என்று கண்டுகொள்கிறார். யாரிடம் பேசுகிறாரோ அந்த இறைவன் ஏற்கெனவே அனைத்தும் அறிந்தவன் என்பதால், அவனுக்கு முன் மீண்டுவிட்டதாக நடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வாசகர்கள் அந்த உரையாடலுக்குச் சாட்சிகளாக மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். கேமராவின் முன் அமர்பவருக்கு அத்தகைய மூன்றாமவர் இல்லை. கேட்பவரும் தீர்ப்பிடுபவரும் பணம் கொடுப்பவரும் ஒரே பார்வையாளர் கூட்டமாகிவிடுகின்றனர்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளிகளின் தோழமை, இந்தச் சிக்கலுக்கு ஒரு நடுவழியைக் கண்டது. தவறுகளின் உண்மையான தன்மையை இறைவனிடமும் தம்மிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது, உறுப்பினரின் மீட்சிக்காக அது வகுத்த படிகளுள் ஐந்தாவது. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர் பெயர் மறைந்திருக்க வேண்டும் என்பது அதன் மரபுகளுள் ஒன்று. அந்த மரபு அனுபவத்தில் விளைந்தது: 1940இல் கிளீவ்லாந்து பேஸ்பால் வீரர் ரோலி ஹெம்ஸ்லி தாம் அதன் உறுப்பினர் என்று பத்திரிகைகளிடம் அறிவித்ததும், அடுத்து வில்சனே தம் பெயரோடு செய்திகளில் தோன்றத் தொடங்கியதும், புகழ்பெற்றவர் நாளை மறுபடியும் குடித்தால் அவரை நம்பி வந்தவர்களின் நிலை என்னவாகும் என்ற அச்சத்தை உண்டாக்கின. பெயரற்ற கூட்டத்தில் மறுவீழ்ச்சியுற்றவர் மறுநாள் திரும்பி வந்து உட்கார முடியும்; அவருடைய தோல்வி எவருடைய நம்பிக்கையையும் பொய்யாக்குவதில்லை.

லோவாட்டோவுக்கு அந்த இருக்கை கிடைக்கவில்லை. 2021 தொடரில், மதுவையும் கஞ்சாவையும் அளவோடு பயன்படுத்தும் வழியைத் தாம் மேற்கொண்டிருப்பதாக அவர் கூறுகிறார். 1990இலிருந்து போதையின்றி வாழும் பாடகர் எல்டன் ஜான் அதே தொடரில் தோன்றி அளவோடு பயன்படுத்துதல் பலிக்காது என்று மறுக்கிறார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, முழுமையான விலக்கு ஒன்றே வழி என்று லோவாட்டோ தம் நிலையை மாற்றி அறிவித்தார். ஒரு தோழரிடம் தணிந்த குரலில் சொல்லி, யோசித்து, திருத்திக்கொண்டிருக்க வேண்டிய ஒன்று, உலகெங்கும் விவாதிக்கப்பட்ட கொள்கை மாற்றமாகிவிட்டது.

இத்தகைய படங்களால் பயனே இல்லை என்பது இதன் பொருள் அன்று. வெட்கத்தால் வாய் திறவாமல் இருக்கும் எத்தனையோ பேருக்கு அவை முதற்சொல்லைத் தந்திருக்கக்கூடும். அவற்றின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. வீழ்ந்தவர் ஒருவரை மட்டுமே அவை ஒப்புக்கொள்ள வைக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளையின் உழைப்பில் வருவாய் ஈட்டிய தொழில்துறை எந்தக் குருவின் முன்னும் மண்டியிடுவதில்லை. 2024இல் நிக்கோலா மார்ஷுடன் இணைந்து இயக்கிய 'சைல்ட் ஸ்டார்' படத்தில் லோவாட்டோ பெரிதும் கேட்பவராக அமர்கிறார். ட்ரூ பேரிமோர் போன்று சிறுவயதிலேயே நட்சத்திரமானவர்கள் தம் கதைகளைச் சொல்கிறார்கள். தம் மீட்சியை நிரூபித்துக் காட்ட வேண்டிய சுமை அங்கே அவர் தோளில் இல்லை. அப்படம் வெளிவந்த அதே செப்டம்பரில், இணையக் காணொளிகளில் தோன்றும் குழந்தைகளின் வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்காகவே ஒதுக்கி வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டங்களில் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டபோது, லோவாட்டோ அவர் அருகில் இருந்தார்.